பாலையாவின் முகத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – சினிமா பதில்
இம்முறை: பகிடிப் படங்கள்

அடுத்த முறை பகிடிப் படங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒருமுறை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போடவேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: அண்ணை, பகிடிப் படங்களில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்? ஏன்?
– ஆசிரியை, பரந்தன்

'காதலிக்க நேரமில்லை'. இதற்கு யோசிக்கவே தேவையில்லை ரீச்சர். 1964 இல் ஸ்ரீதர் இயக்கிய படம். கதை வசனத்தில் அவரோடு சித்ராலயா கோபுவும் சேர்ந்திருந்தார். ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். காஞ்சனா, ராஜஸ்ரீ, முத்துராமன், சச்சு என்று எல்லோரும் இருக்கிறார்கள். விஸ்வநாதன் – ராமமூர்த்தியின் பாட்டுகளை இன்றைக்குப் போட்டாலும் பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள்.

அதெல்லாம் சரி. நான் அந்தப் படத்தை ஒரே ஒரு காட்சிக்காகத்தான் மனதில் வைத்திருக்கிறேன். நாகேஷ் அதில் செல்லப்பா. படம் எடுக்கவேண்டும் என்று துடிக்கிறார். ஓஹோ புரொடக்சன்ஸ் என்று கம்பெனிக்குப் பெயரும் வைத்தாயிற்று. காசு மட்டும் இல்லை. அது அப்பாவிடம் இருக்கிறது. அப்பா பாலையா. அவரை இருத்திவைத்து மகன் ஒரு திகில் கதை சொல்கிறார். காற்றுச் சத்தம், கதவுச் சத்தம் எல்லாம் நாகேஷின் வாயாலேயே வருகிறது. இந்தக் காட்சியைத் தெரியாத தமிழர் குறைவு. புகழ் முழுக்க நாகேஷுக்குப் போய்விட்டது. அவருக்கு அது தகும். ஆனால் அடுத்த முறை பார்க்கும்போது நாகேஷை விட்டுவிடுங்கள். பாலையாவின் முகத்தைப் பாருங்கள்.

தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் ரீவியும் டெக்கும் (வீடியோ கசற் போடும் பெட்டி) ஜெனறேற்றரும் கொண்டுபோய் வீடுகளில் படம் போடுவதுதான் என் தொழில். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறவனுக்குத் திரையில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. நான் சனத்தின் பக்கம் திரும்பி நின்று அவர்களைப் பார்ப்பேன். எந்த இடத்தில் சிரிப்பு வெடிக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். நாகேஷ் சத்தம் போடும்போது சனம் சிரிப்பதில்லை. அந்தச் சத்தத்துக்குப் பாலையா திடுக்கிட்டு நிமிரும்போதுதான் சிரிக்கிறது. அவருக்குப் பயம். கதையை நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை, அடுத்து என்ன என்று கேட்கவும் தைரியம் இல்லை. அவ்வளவும் அந்தக் கண்ணில் இருக்கிறது. கல்லைப் போடுகிறவன் நாகேஷ். சத்தம் கிணற்றிலிருந்துதான் வரும்.

பாலையா யார் என்றும் நினைத்துப் பாருங்கள். 1936 இல் வந்த 'சதி லீலாவதி'யில் வில்லனாகத் தொடங்கியவர். ஆட்களை மிரட்டியே பேர் எடுத்த முகம் அது. அந்த முகம் மகன் சொல்லும் பொய்க்கதைக்கு நடுங்குகிறது. அடுத்த வருடமே 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக வந்து கர்வத்தின் உச்சியில் நிற்கிறார். ஒரு மனிதரால் எப்படி இரண்டையும் செய்யமுடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

பகிடியைத் தாங்குகிறவர் கேட்டுக்கொண்டிருப்பவர்தான் என்பதை நான் இந்தக் காட்சியில்தான் படித்தேன். கீழே உள்ள பல பதில்களில் இதே கதை வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீங்கள் படம் போட்டுத் திரிந்த காலத்தில் ஒரு இரவு எப்படி இருக்கும்? நாங்கள் போனில் படம் பார்த்து வளர்ந்தவர்கள்.
– கல்லூரி மாணவன், கிளிநொச்சி

தம்பி, அநேகமாகக் கலியாண வீடு அல்லது சாமத்திய வீடு. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாதங்களில் சும்மாவும் கூப்பிடுவார்கள். லாண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, ரீவியைப் பழைய போர்வையால் சுற்றி ஏற்றுவோம். ஜெனறேற்றரைக் கொஞ்சம் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மாற்றும் அந்தக் கணத்தில் அது இருமினால் முற்றத்தில் இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். கசற் பழசென்றால் படத்தில் கோடு விழும். துணியில் ஓடிக்கொலோன் தொட்டு டெக்கின் ஹெட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுவோம்.

நான்கு படம் என்று பேசினால் முதலில் சாமிப் படம், அம்மம்மாமாருக்கு. பிறகு சிவாஜியோ எம்.ஜி.ஆரோ. பகிடிப் படத்தை நான் எப்போதும் மூன்றாவதாக, நடுச்சாமம் தாண்டித்தான் போடுவேன். அந்த நேரம் பிள்ளைகள் சாக்கில் சுருண்டு கிடப்பார்கள், பெரியவர்கள் தலை சாய்ப்பார்கள். 'காசேதான் கடவுளடா' படத்தில் தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராக வந்து நின்றதும் படுத்தவர்கள் ஒவ்வொருவராக எழும்புவார்கள். 1972 இல் கோபு இயக்கிய படம். என் கைவசம் இருந்தவற்றில் அதிகம் தேய்ந்த கசற் அதுதான். 2008 கடைசியில் போரால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மற்ற எல்லாவற்றோடும் அதுவும் போயிற்று.

கேள்வி: 'வைதேகி காத்திருந்தாள்' பெற்றோமாக்ஸ் பகிடிக்கு அப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.
– மாணவி, முள்ளியவளை

பிள்ளை, நீங்கள் பெற்றோமாக்ஸ் மென்டிலைக் கண்டிருக்க மாட்டீர்கள். அது நூலால் பின்னிய சின்னப் பை. மருந்தேற்றின நூல். முதல்முறை பற்றவைத்ததும் நூல் எரிந்து வெள்ளைச் சாம்பல் வலை மட்டும் மிஞ்சும். அந்த வலைதான் அவ்வளவு வெளிச்சத்தையும் தருவது. விரல் பட்டால் உதிர்ந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். 1984 ஆம் ஆண்டுப் படம், ஆர். சுந்தர்ராஜன் இயக்கம். சைக்கிள் கடை வைத்திருக்கும் கவுண்டமணி வாடகைக்கு லைற்றும் கொடுக்கிறார். செந்தில் அது எப்படி எரிகிறது என்று கேட்கிறார். கவுண்டமணி பெருமையோடு விளக்கம் கொடுக்கிறார். செந்தில் அறிவுப் பசியோடு கையை வைக்கிறார். அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவின் வயதுக்காரர்களுக்கு அது வெறும் பகிடி இல்லை. போர்க்காலத்தில் அரசின் பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னியில் கரன்ட் இல்லை, மண்ணெண்ணெய் அளவோடுதான் கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்த சிக்கன விளக்கில்தான் சோதனைக்குப் படித்தார்கள். நல்ல நாளில் யாரோ ஒருவர் வீட்டுப் பெற்றோமாக்ஸை இரவல் வாங்கி ஏற்றுவார்கள். கிட்டப் போகாதே, மென்டில் கொட்டிப்போகும் என்று அடிவாங்காத பிள்ளை கிடையாது. தொடக்கூடாது என்று சொன்னதைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அவர்கள் எல்லோருக்கும் கை துடித்திருக்கும். செந்தில் தொட்டுவிட்டார். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், மிச்சத்தை அவர் சொல்வார்.

கேள்வி: வாழைப்பழப் பகிடியை விடச் சிறந்தது உண்டா?
– சைக்கிள் திருத்துபவர், ஒட்டுசுட்டான்

'கரகாட்டக்காரன்' (1989). மிஞ்ச ஆள் இல்லை. கவுண்டமணி கத்தக் கத்த, செந்தில் தான் சொல்வது முழு உண்மை என்ற முகத்தோடு நிற்கிறார் பாருங்கள். அந்த முகத்தில் ஒரு மூலையில் கள்ளச் சிரிப்பு வந்திருந்தாலும் காட்சி செத்திருக்கும்.

கேள்வி: இந்தப் பகிடிப் படங்களில் பெண்கள் ஒன்று அடிவாங்குகிறார்கள், அல்லது கேலிக்கு ஆளாகிறார்கள். நாங்கள் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?
– தையல் தொழில் செய்பவர், புதுக்குடியிருப்பு

அக்கா, நீங்கள் சொல்வது சரி. ஆளின் நிறத்தை, உடம்பை, பல்லைச் சொல்லிச் சிரிக்கவைக்கும் காட்சிகள் நம் படங்களில் ஏராளம். கறுத்தப் பிள்ளை ஒன்று முன்வரிசையில் இருக்கும்போது அப்படி ஒரு காட்சி வந்தால், அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே குனிவதை நான் கண்டிருக்கிறேன். அந்த இடங்கள் வந்தால் டெக்கில் முன்னுக்கு ஓட்டிவிடுவேன். ஏன் ஓட்டினாய் என்று இளவட்டங்கள் சண்டைக்கு வரும். வரட்டும் என்று இருந்தேன். இப்போதும் அதே எண்ணம்தான்.

ஆனால் பெண்களுக்கு ஒன்றும் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 'சதி லீலாவதி' (1995) பாருங்கள். முன்னே சொன்ன பழைய படம் இல்லை. அதே பெயரில் பாலு மகேந்திரா எடுத்தது. மட்டக்களப்பில் பிறந்த நம்மவர். கமலுக்குச் சோடியாகக் கோவை சரளா. இருவரும் கொங்குத் தமிழில் கதைக்கிறார்கள். சரளா யாருக்கும் பின்னால் நிற்கவில்லை. சில இடங்களில் கமலே அவருக்கு வழிவிட்டு நின்று கேட்கிறார். 'நடிகன்' (1990) படத்தில் மனோரமா இருக்கிறார். கிழவர் வேடம் போட்டு வந்த சத்யராஜை உண்மையிலேயே வயதானவர் என்று நம்பி மனதைக் கொடுக்கிறார். அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு வரும் வெட்கத்தை அவர் கேலியாகச் செய்யவில்லை, மெய்யாகச் செய்தார். அதனால்தான் சிரித்துவிட்டுப் பிறகு அவருக்காகக் கவலைப்படவும் முடிகிறது. அழுகைப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய சௌகார் ஜானகி, 'தில்லு முல்லு'வில் போலி அம்மாவாக வந்து ரஜினிக்கே ஈடுகொடுப்பதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: 'தில்லு முல்லு' ஹிந்திப் படத்தின் நகல்தானே? அதை ஏன் புகழ்கிறீர்கள்?
– வங்கி ஊழியர், வவுனியா

1979 இல் வந்த 'கோல்மால்' படத்தின் தழுவல்தான். 1981 இல் கே. பாலசந்தர் தமிழில் எடுத்தார், விசு வசனம். மீசை வைத்த அண்ணன், மீசை இல்லாத தம்பி என்று ஒருவரே இரண்டு ஆளாக நடிக்கும் கதை. ஆனால் தமிழ்ப் படத்தின் உயிர் தேங்காய் சீனிவாசன். மீசையில் ஒழுக்கத்தைக் காணும் முதலாளி அவர். அவ்வளவு தீவிரமாக நம்புகிறார். அவர் நம்பாவிட்டால் ரஜினியின் பொய்க்கு வேலை இல்லை. பாலையாவுக்குப் பிறகு எனக்கு இவர்தான்.

கேள்வி: 'தெனாலி' நம் மக்களைக் கேலி செய்த படம் என்று என் மாமா சொல்கிறார். போன வருடம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை அவரே பாராட்டுகிறார். உங்கள் எண்ணம்?
– இளம் தாய், மல்லாவி

'தெனாலி' 2000 இல் வந்தது. கே.எஸ். ரவிக்குமார் இயக்கம், கிரேசி மோகன் வசனம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு வவுனியாவிலிருந்து சிடியில் எடுத்துவந்து வட்டக்கச்சியில் ஒரு முற்றத்தில் போட்டேன். கமல் வாய் திறந்ததும் சனத்துக்கு ஒரே சந்தோசம். நம்மைப் போலக் கதைக்கிறார் என்று ஒருவரை ஒருவர் தட்டிக் காட்டினார்கள். அது யாழ்ப்பாணத்துப் பேச்சு, வன்னிப் பேச்சு இல்லை என்று ஒரு பெரியவர் திருத்தம் சொன்னார். அதுவும் சரிதான்.

இலங்கை அகதியாக வரும் கமல், அதுதான் தெனாலி, எதற்கெல்லாம் பயப்படுகிறான் என்று வரிசையாகச் சொல்லும் இடம் வந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. போருக்குள் இருந்து வந்தவனுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குப் படம் சொல்லவேண்டியதில்லை. உங்கள் மாமா சிரிக்காதவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர் மனம் நோவதில் நியாயம் இருக்கிறது. நான் அவரோடு வாதாட மாட்டேன்.

ஆனாலும் அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். அதில் சிரிப்பை உண்டாக்குகிறவர் ஜெயராம். டொக்டர் கைலாஷ். தெனாலியைக் குடும்பம் முழுக்கத் தலையில் வைத்துக் கொண்டாடும்போது, ஒரு மூலையில் நின்று வேகிறார் அவர். நாம் சிரிப்பது அந்தப் படித்த மனிதரின் எரிச்சலைப் பார்த்துத்தான். அகதியாக வந்தவன் எல்லோருக்கும் வேண்டியவனாகிறான், வீட்டுக்காரர் நிலைகுலைகிறார். கேலி செய்யும் படம் என்றால் இதைத் தலைகீழாக அல்லவா வைத்திருப்பார்கள்?

'டூரிஸ்ட் ஃபேமிலி' 2025 மே மாதம் வந்தது. அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இங்கே பொருளாதார நெருக்கடி வந்தபோது கடல் தாண்டிச் சென்னைக்குப் போகும் குடும்பம். சசிகுமார் அப்பா, சிம்ரன் அம்மா. சின்ன மகனாக வரும் கமலேஷ் வந்தாலே சிரிப்புத்தான். பேச்சு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை, சில வசனங்களில் சென்னை எட்டிப் பார்க்கிறது. ஆனால் சசிகுமார் அயலவர்களின் கதைகளைக் கேட்கிற விதம் இருக்கிறதே, அது நம் ஊர் அப்பாமார்தான். இடம்பெயர்ந்து போன இடத்தில் முதல் வேலையாகப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போய்ச் சுகம் விசாரித்தவர்கள் நாங்கள். 1996 இல் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரத்தில் போய் இருந்தபோது என் அப்பா அப்படித்தான் செய்தார். அந்தப் படத்தை நான் வீட்டாரோடு பார்த்தேன். இரண்டையும் பிடிக்கும் என்று மாமாவிடம் சொல்லுங்கள்.

கேள்வி: வடிவேலுவைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே?
– ஓட்டோ சாரதி, மாங்குளம்

எழுதாமல் இருப்பேனா தம்பி! 'ஃபிரண்ட்ஸ்' (2001) படத்தில் ஒப்பந்தக்காரர் நேசமணி, 'வின்னர்' (2003) படத்தில் கைப்புள்ள, 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006) படத்தில் சிம்புதேவன் எடுத்துக் கொடுத்த இரட்டை வேடம். நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்ததை 2019 இல் உலகமே பேசியது. மற்றவர்களுக்குப் பகிடி சொல்ல ஒருவர், வாங்க ஒருவர் வேண்டும். வடிவேலு இரண்டையும் தானே செய்வார். அடி விழுந்த பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல நடப்பார் பாருங்கள், அந்த நடைக்காகவே எத்தனை தடவையும் பார்ப்பேன்.

கேள்வி: இலங்கையில் நம்மவர்கள் எடுத்த பகிடிப் படம் ஏதாவது உண்டா?
– ஓய்வுபெற்ற தபால் ஊழியர், துணுக்காய்

உண்டு ஐயா. 1976 இல் வந்த 'கோமாளிகள்'. வானொலியில் சனம் காத்திருந்து கேட்ட 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகம்தான் படமானது. மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன், பி.எச். அப்துல் ஹமீத் நடித்தார்கள். ஒருவர் முஸ்லிம்களின் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களவர் கதைக்கும் தமிழ். நாடு முழுக்க ஒரே வானொலிப் பெட்டிக்கு முன்னால் இருந்து சிரித்த காலம் அது. அந்தத் தலைமுறையை நீங்கள் நேரில் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் போட ஆசைப்படுகிறேன்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தில் புரொஜெக்டர் வந்திருக்கிறது. சின்னவர் பெரியவர் எல்லோரும் பார்க்கிற மாதிரி, ஒரே இரவில் இரண்டு பகிடிப் படம் சொல்லுங்கள்.
– நிலையத் தலைவர், விசுவமடு

முதலில் சார்லி சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925). பேச்சு இல்லாத படம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் விளங்கும். பசியில் சப்பாத்தை அவித்துச் சாப்பிடும் காட்சி வரும். பசி தெரிந்த ஊர் அதைப் பார்த்துச் சிரிப்பது வேறு மாதிரி இருக்கும். பிறகு 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், கமலுக்கு நான்கு வேடம். டெல்லி கணேஷைக் கவனிக்கச் சொல்லுங்கள், சாம்பாருக்குள் மீன் விழுந்த பிறகு அவருடைய முகத்தை.

மூன்றாவதும் வேண்டுமென்றால் 'ஆண்பாவம்' (1985). பெண் பார்க்க வீடு மாறிப் போன கதை. ஊருக்குள் தியேட்டர் கட்டும் வி.கே. ராமசாமியும், பாட்டியாக வரும் கொல்லங்குடி கருப்பாயியும் உங்கள் ஊர் ஆட்களைப் போலவே இருப்பார்கள்.

முதல் இரண்டையும் நான் சொன்ன ஒழுங்கில்தான் போடவேண்டும். சாப்ளின் படத்தில் மலை விளிம்பில் ஒரு குடில் சாய்ந்து ஆடும். கமல் படத்தின் முடிவிலும் ஒரு வீடு அப்படியே ஆடும். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். இடையில் தேத்தண்ணிக்கு நேரம் விட்டுவிட்டு, இரண்டாவது வீடு சாயும்போது பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பாருங்கள். எது முதலில் வந்தது, யார் யாரைப் பார்த்துச் செய்தார் என்று அவர்களே கத்தத் தொடங்குவார்கள். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள், சனத்துக்குப் பின்னால் வைக்கவேண்டாம்.